கோப்பிக் காலத்துக் கேலிச்சித்திரங்கள்

இங்கிலாந்திலே 1841இல் தொடங்கிய நகைச்சுவைக் கிழமை ஏட்டுக்குப் ‘பஞ்ச்’ என்று பெயர். கூனல் முதுகும் வளைந்த மூக்கும் உடைய ஒரு பொம்மலாட்டப் பாத்திரத்தின் பெயர் அது. அந்த ஏட்டைப் பின்பற்றி, 1860களின் முடிவில் கொழும்பில் ஒரு விகட ஏடு தோன்றியது. ‘சிலோன் டைம்ஸ்’ பத்திரிகையின் உரிமையாளராயிருந்த ஜோன் கப்பர் அதை வெளியிட்டார். பறங்கியர் சமூகத்தைச் சேர்ந்த புகழ்பெற்ற ஓவியர் வான் டோர்ட் அதற்குப் படம் வரைந்தார். இலங்கையின் ‘பஞ்ச்’ என்று தன்னை அழைத்துக் கொண்ட அந்த ஏட்டின் தலைப்பில் பொறிக்கப்பட்ட பெயர் ‘முனியாண்டி’ என்பதாகும்.

முனியாண்டி யார்? மதுரை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் ஊர் எல்லையைக் காத்து நிற்கும் தெய்வம். அந்தத் தெய்வத்தின் பெயரைப் பிள்ளைகளுக்கு இட்டு வழங்கிய உழவரும் கூலிகளும் கடல் கடந்து இலங்கைக்கு வந்தபோது, தோட்டத்துப் பேர்ப்பதிவுப் புத்தகத்தில் அப்பெயர் பக்கத்துக்குப் பக்கம் ஏறியது. லயத்துக்கு அப்பால் ஒரு மரத்தடியில் கல்லும் சூலமுமாக அத்தெய்வமும் குடியேறியது. துரைமாருக்கு அந்தப் பெயர் காதுக்குப் பழகிய பெயர், சிரிப்புக்கு உதவக் கூடிய பெயர். ஆகவே, தங்கள் கிளப்பிலும் பங்களாவிலும் வாசித்துச் சிரிப்பதற்காக அச்சிட்ட ஆங்கில ஏட்டுக்குத் தம்மிடம் வேலை செய்யும் தமிழனின் பெயரையே அவர்கள் சூட்டினர். ஏட்டின் முகப்பில் இடம் பெற்ற முனியாண்டிக்கு அந்த ஏட்டை வாசிக்கத் தெரியாது. அவனுடைய பேரேட்டுக் கணக்கையும் அவனால் வாசிக்க முடியாது என்பதை இங்கே சேர்த்து நினைத்துக் கொள்வது நல்லது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கேலிச்சித்திரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாக அவற்றின் துணிச்சலைப் புகழ்வார்கள். அமைச்சனையும் அரசனையும் பரிகசித்தார்களே, அது சனநாயகத்தின் அடையாளம் அல்லவா என்பார்கள். அது உண்மைதான். ஆனால் அச்சித்திரங்கள் எதைப் பரிகசித்தன, எதைப் பரிகசிக்காமல் விட்டன என்று பிரித்துப் பார்க்கும்போதுதான் அவற்றைப் பெற்றெடுத்த வர்க்கத்தின் மனநிலை விளங்குகிறது. அந்த மனநிலையின் மையத்தில் ஒரு பொருளாதார நம்பிக்கை இருந்தது. நிலம் எல்லையற்றது, சந்தை எல்லையற்றது, மூலதனம் தொட்டதெல்லாம் துலங்கும் என்னும் நம்பிக்கை அது.

‘கார்ட்டூன்’ என்ற சொல்லின் வரலாற்றையே எடுத்துக் கொள்வோம். சுவர் ஓவியத்துக்கு முன்மாதிரியாக வரையும் பெரிய படத்துக்குத்தான் முன்பு அந்தப் பெயர். 1843இல் லண்டனிலே புதிய நாடாளுமன்ற மாளிகைக்கான மாதிரி ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ‘பஞ்ச்’ ஏட்டின் ஓவியர் ஜோன் லீச், அந்தப் பகட்டான காட்சியைக் கந்தல் உடுத்த ஏழைகள் வந்து வெறித்துப் பார்ப்பதாக ஒரு படம் வரைந்து, அதற்கு ‘கார்ட்டூன் முதலாம் இலக்கம்’ என்று பெயரிட்டார். பசித்தவனுக்குச் சோற்றின் நிழலைக் காட்டுகிறார்கள் என்பது கருத்து. கேலிச்சித்திரம் என்ற பொருளில் அச்சொல் வழங்கத் தொடங்கியது அப்படித்தான். பிறப்பிலே அது ஏழையின் பக்கம் நின்றது என்பதை மறக்கலாகாது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1845இல், இங்கிலாந்தை ரயில்வேப் பங்குப் பித்து ஆட்டிப் படைத்தது. ‘பஞ்ச்’ அதைக் கேலி செய்தது. ரயில் எஞ்சினைப் பூரி ஜகந்நாதரின் தேராகச் சித்திரித்து, அதன் சக்கரத்தின் கீழே பேராசைக்காரர்கள் தாமாகவே விழுந்து மாய்வதாக ஒரு படம் வந்தது. (நம்முடைய தேரைக் காட்டுமிராண்டித்தனத்தின் சின்னமாக எடுத்துக் கொண்டு, தங்கள் நாட்டுப் பங்குச் சந்தையை அதனோடு ஒப்பிட்டார்களே, அந்த அளவில் அது நேர்மையான ஒப்பீடுதான்.) ஆனால் அந்தக் கேலி யாரைத் தாக்கியது? ரயில்வே ‘அரசன்’ என்று பெயர் பெற்ற ஜோர்ஜ் ஹட்சனைத் தாக்கியது. அவசரப்பட்டுப் பங்கு வாங்கிய பாதிரியாரையும் விதவையையும் பார்த்து நகைத்தது. இருப்புப் பாதை போட்டவனின் கூலியையோ, அந்தப் பாதையை வேண்டி நின்ற அமைப்பையோ அது தொடவில்லை. பித்தம் தணிந்தால் தேகம் நலமாகிவிடும் என்பதே அதன் வைத்தியம். 1851இல் லண்டனிலே மாபெரும் பொருட்காட்சி நடந்தபோது, அதே ஏடு கண்ணாடி மாளிகையின் முன்னே ஏறக்குறையக் கைகூப்பி நின்றது.

லண்டனில் ரயில்வேப் பித்து உச்சத்தில் இருந்த அதே 1845ஆம் ஆண்டிலேதான் இலங்கையின் கோப்பிப் பித்தும் உச்சத்தில் இருந்தது. இது தற்செயலான பொருத்தமன்று; ஒரே மூலதனம் இரண்டு வாய்க்கால்களில் ஓடிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலமாக்கியது. ஏக்கர் 5 ஷில்லிங் என்ற அற்ப விலைக்கு மலைகள் கைமாறின. 1844இல்தான் அது ஒரு பவுணாக உயர்ந்தது. வாங்கியவர்கள் யார்? தேசாதிபதி முதல் நீதிபதிகள், இராணுவ அதிகாரிகள், மதகுருமார், சிவில் சேவையாளர் வரை எல்லோரும் காணிக்காக ஓடினார்கள் என்று, அந்நாளில் குடியேற்றக் காரியதரிசியாக இருந்த எமர்சன் டெனென்டே எழுதி வைத்திருக்கிறார். நிலத்தை விற்றவர்களும் வாங்கியவர்களும் ஒருவரே என்ற விநோதத்தை லண்டன் அரசே பொறுக்க மாட்டாமல், 1840களின் நடுவில் அதிகாரிகள் தோட்டஞ் செய்வதைத் தடை செய்ய வேண்டியதாயிற்று.

பதுளையின் அந்நாளைய ஆட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. மேஜர் ரோஜர்ஸ் என்பவர் அங்கே படைத் தளபதியாகவும் உதவி அரசாங்க அதிபராகவும் நீதிபதியாகவும் ஒருங்கே விளங்கினார், வீதிகளும் வெட்டுவித்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்பதே அவருக்கு வாய்த்த புகழ். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். ஒரு மனிதனே சட்டமும் துப்பாக்கியும் வீதியுமாக இருந்த ஊவாவில், கேலிச்சித்திரக்காரனுக்குப் பஞ்சமில்லாத விடயம் இருந்தது. ஆனால் வேட்டைக்காரனின் வீரத்தைப் பாடவே ஆட்கள் இருந்தார்கள்.

1847இல் இங்கிலாந்தில் நிதி நெருக்கடி வந்தது. கோப்பி விலை விழுந்தது. தோட்டங்கள் போட்ட பணத்தின் சிறு பங்குக்குக் கூட விலை போகவில்லை. இந்த வீழ்ச்சி துரைமாரின் நினைவுகளிலே பலவாறாகப் பதிவாகியிருக்கிறது. நொடித்துப்போன இளைஞன், விற்கப்பட்ட குதிரை, காலியான மதுப் புட்டி எல்லாம் அதில் உண்டு. அதே காலத்தைப் பற்றி இன்னொரு கணக்கும் உண்டு. 1841 முதல் 1848 வரை இலங்கைக்கு வந்த தமிழ்த் தொழிலாளரில் ஏறத்தாழ 70,000 பேர், அதாவது நால்வரில் ஒருவர், வழியிலும் தோட்டத்திலும் மாண்டனர் என்று 1849இல் ‘கொழும்பு ஒப்சேவர்’ பத்திரிகை மதிப்பிட்டது. மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியில் காலராவும் பசியும் அவர்களை வாரிக் கொண்டு போயின. நொடித்த துரை விகடப் பாத்திரமானான். வழியில் விழுந்த முனியாண்டியை எந்த விகடமும் சீந்தவில்லை.

1850களில் கோப்பி மறுபடியும் எழுந்தது. இம்முறை இன்னும் உறுதியான நம்பிக்கையுடன். 1867இல் கொழும்பு–கண்டி புகையிரதப் பாதை முடிந்தது. 1870இல் ஏற்றுமதி பத்து இலட்சம் அந்தரைத் தாண்டியது. கண்டிப் பக்கத்து மலைகளிலே காடு தீர்ந்து வந்தபடியால் கண்கள் தெற்கேயும் கிழக்கேயும், ஊவாவின் பக்கம் திரும்பின. பதுளை, அப்புத்தளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை என்று தோட்டங்கள் கிழக்கு நோக்கி ஊர்ந்து சென்றன. மடுல்சீமை மலையின் விளிம்பில் நின்று பார்த்தால் மலை சட்டென்று முறிந்து, கீழே வெல்லஸ்ஸச் சமவெளி விரியும். இன்றைய மொனராகலை மாவட்டத்தின் பெரும் பகுதி அதுதான்.

வெல்லஸ்ஸ என்ற சிங்களப் பெயருக்கு இலட்சம் வயல் என்று பொருள் சொல்வார்கள். துரைமாரின் எழுத்தில் அது மனித சஞ்சாரம் குறைந்த, காய்ச்சல் பிடித்த காட்டு நிலம். இரண்டுக்கும் நடுவே நிற்பது 1817–18ஆம் ஆண்டுக் கலகம். ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் மூண்ட அந்த எழுச்சியை அடக்க ஆங்கிலப் படை வீடுகளை எரித்தது, பயிரை அழித்தது, மாடுகளைக் கொன்றது. தலைவர்களுள் ஒருவரான கெப்பெட்டிபொல 1818 நவம்பரில் தலை வெட்டப்பட்டார். குளங்களைப் பராமரிக்க ஆள் இல்லாமற் போனபின் வயலைக் காடு மூடியது. ஆக, கோப்பிக்காரன் கண்ட ‘வெற்று நிலம்’ வெறுமையாகவே பிறந்ததன்று. அது வெறுமையாக்கப்பட்ட நிலம். வரைபடத்திலே வெள்ளையாக விட்ட இடத்தைக் காட்டி, இங்கே செல்வம் காத்திருக்கிறது என்று சொல்வதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய கேலிச்சித்திரம் என்பது என் எண்ணம். அதை வரைந்தவர்கள் மட்டும் அதைக் கேலி என்று அறிந்திருக்கவில்லை.

இனி 1869ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஓர் ஆண்டில் நிகழ்ந்தவற்றைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு சரித்திர மாணவனுக்கு நெடுநாள் சிந்திக்க வேலை இருக்கும். நவம்பர் 17ஆம் திகதி சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. கிழக்கும் மேற்கும் கைகோத்தன, வாணிபத்துக்கு இனி எல்லையில்லை என்று ஐரோப்பியச் சித்திர ஏடுகள் கொண்டாடின. அதே ஆண்டு யாழ்ப்பாணத்தில் ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ அச்சேறியது. அதே ஆண்டு மே மாதம், மடுல்சீமையில் ஒரு கோப்பித் தோட்டத்திலே, இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத்தில் பொடி படிந்த புள்ளிகள் காணப்பட்டன.

முதலில் கும்மியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையகத்தின் ஆரம்ப இலக்கியங்களுள் ஒன்றாக அதை ஆய்வாளர் குறிப்பிடுகின்றனர். காடு வெட்டுவது முதல் கோப்பிக் கொட்டையைச் சந்தைக்கு அனுப்புவது வரை தோட்டத் தொழிலின் முறைகளை அது பாடுகிறது. துரைமாரின் முயற்சியை வியக்கிறது. கும்மி என்பது நம் பெண்கள் கை தட்டிச் சுற்றி ஆடும் பாட்டு. அந்த வடிவத்துக்குள்ளே பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் மகிழ்ச்சி புகுத்தப்பட்டது. இதைக் கண்டு முகஞ்சுளிப்பது எளிது. ஆனால், படித்த யாழ்ப்பாணத்தவனுக்கு அக்காலத்தில் தோட்டத்திலே கணக்கெழுதும் வேலையும் கச்சேரியிலே உத்தியோகமும்தான் ஏணிகளாக இருந்தன. ஏணியில் நிற்பவன் ஏணியைப் புகழ்வது மனித இயல்பு. ஏணியின் அடிக்கட்டை யாருடைய தோளில் ஊன்றியிருக்கிறது என்பதை அவன் குனிந்து பார்க்கவில்லை. இதுவே அந்தக் கும்மிக்கும் ஆங்கில விகட ஏட்டுக்கும் பொதுவான குறை. ஒன்று உள்ளபடியே மகிழ்ந்தது. மற்றது மேலிருந்து நகைத்தது. கோப்பி என்றும் நிற்கும் என்பதிலே இரண்டுக்கும் ஐயமில்லை.

இனி அந்தப் பொடி. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் தலைவரான துவெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு, பூஞ்சண அறிஞர் பார்க்லிக்கு அனுப்பி வைத்தார். இது விஞ்ஞானம் அறியாத புதிய பூஞ்சணம் என்று பார்க்லி கண்டு, அவ்வாண்டு நவம்பரில், கால்வாய் திறந்த அதே மாதத்தில், ஒரு தோட்டக்கலை ஏட்டில் விவரித்தார். அயர்லாந்தின் உருளைக்கிழங்கை 1845இல் அழித்த நோய்க்கும் ஒரு பூஞ்சணமே காரணம் என்று வாதித்தவரும் இதே பார்க்லிதான். ஆகவே எச்சரிக்கை சொல்லத் தகுதியுடையவர்கள் சொன்னார்கள். தோட்டக்காரர் கேட்கவில்லை. மழை மிகுந்ததாலென்றும், உரம் போதாமையாலென்றும் காரணம் கற்பித்தார்கள். ஒரு வருடம் இலை உதிரும், மறு வருடம் தளிர்க்கும். தளிர்த்ததைப் பார்த்ததும் பயம் போய்விடும்.

அதைவிடப் பெரிய மயக்கம் விலையினாலே வந்தது. 1870களில் உலகச் சந்தையில் கோப்பி விலை வெகுவாக ஏறியது. ஏக்கருக்குக் கிடைத்த விளைச்சல் குறைந்து வந்தபோதிலும், கைக்கு வந்த பணம் குறையவில்லை. ஆகையால் நோய் பரவிய அதே பத்தாண்டில் கோப்பி நிலம் குறைவதற்குப் பதிலாகப் பெருகியது. 1878 அளவில் 275,000 ஏக்கரை எட்டியது. அழிவுக்கு ஒன்பது ஆண்டு அவகாசம் கிடைத்தது. அந்த ஒன்பது ஆண்டும் கடன் வாங்கிக் காடு வெட்டுவதிலே கழிந்தது. பொருளாதார நம்பிக்கை என்பது அறிவின்மையால் மட்டும் வருவதன்று. ஏறும் விலை அதற்குச் சாட்சி சொல்லும்போது, தாவரவியலாளரின் சாட்சி எடுபடுவதில்லை.

நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே ஊவாவில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் மேல் மலை சரிந்தது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி அது. அந்த இடம் அபாயமானது என்று 2005இலும் 2011இலும் அறிவிக்கப்பட்டிருந்தது. லயங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

1881இல் லண்டனிலே ‘சீன்ஸ் இன் சிலோன்’ என்ற பெயரில் ஹமில்டன், பாஸன் என்னும் இருவர் வேடிக்கைச் சித்திரங்களும் செய்யுளுமாக ஒரு நூல் வெளியிட்டனர். தோட்டத் துரையின் வாழ்வே அதன் பொருள். அந்த ஆண்டிலே நோயை ஆராய அனுப்பப்பட்ட மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி இலங்கையில் இலை இலையாகப் பார்த்துக் கொண்டிருந்தார். கோப்பியைக் காப்பாற்ற வழியில்லை என்ற நிலை தெளிவாகிக் கொண்டிருந்த வேளையில் வெளிவந்த புத்தகம் அது. சிரிப்புக்கும் நிலைமைக்கும் இடையே இருந்த தூரத்தை இதைவிட நன்றாக யாரும் அளந்து காட்ட முடியாது. 1884 மே மாதம் ஓரியண்டல் வங்கி முறிந்தது. நாட்டின் நாணயத் தாள்களுக்கு அரசே பொறுப்பேற்க வேண்டி வந்தது. தோட்டங்கள் பாழாயின; மாதக் கணக்கில் கூலி நிலுவையாகக் கிடந்தது; ஆயிரக்கணக்கானோர் வந்த வழியே திரும்பினர். திரும்ப முடியாதவர்கள் கங்காணியின் கடன் பேரேட்டில் அகப்பட்டுக் கிடந்தனர். கடன் தொகையை எழுதிய ‘துண்டு’ ஒன்றினால் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆள் கைமாறும் அந்த முறை 1921 வரை சட்டத்தின் தடையின்றி நடந்தது.

பாழான கோப்பி நிலத்திலே தேயிலை வந்தது. தேயிலையோடு தோமஸ் லிப்டனும் வந்தார். இவருடைய கதையை எல்லோரும் அறிவர். ஆயினும் அதில் நம் விடயத்துக்கு வேண்டிய ஒரு பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. லிப்டனின் பெற்றோர் அயர்லாந்தை விட்டுக் கிளாஸ்கோவுக்குப் பிழைக்க வந்த ஏழைகள். கிளாஸ்கோவில் பலசரக்குக் கடை நடத்திய லிப்டன், வில்லி லொக்ஹார்ட் என்னும் கேலிச்சித்திரக்காரரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, கடைச் சாளரத்தில் கிழமைக்கு ஒரு சித்திரமாக மாட்டி வைத்தார். அழுகின்ற பன்றி ஒன்றைத் தூக்கிச் செல்லும் அயர்லாந்து ஏழை, இந்த அனாதைக்கு இரங்கி லிப்டன் கடைக்குக் கொண்டு போகிறேன் என்று சொல்வதாக ஒரு படம் பெரும் புகழ் பெற்றது. நாணயத் தாளைப் போலவே அச்சடித்த விளம்பரத் தாள்களையும் அவர் ஊரெங்கும் வழங்கினார். ஏழையின் பக்கம் பிறந்த கார்ட்டூன் கடைசியில் ஏழையைக் காட்டிப் பன்றி இறைச்சி விற்றது.

1890இல் லிப்டன் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைப் பக்கத்தில் தம்பேத்தென்னை முதலிய தோட்டங்களை மலிவாக வாங்கினார். கோப்பி நொடித்தபடியால் நிலம் மலிவு. அயர்லாந்தின் கிழங்கை ஒரு பூஞ்சணம் அழித்த தலைமுறையிலே அவருடைய பெற்றோர் ஊர் விட்டார்கள். ஊவாவின் கோப்பியை இன்னொரு பூஞ்சணம் அழித்ததனால் மகன் மலைக்கு அதிபதியானான். ஓர் இறாத்தல் தேயிலை 1 ஷில்லிங் 7 பென்ஸ் என்று அவர் விற்றார். ஆங்கிலத் தொழிலாளியின் வீட்டுக்கும் தேநீர் போயிற்று. அந்த விளம்பரங்களிலே தலையிற் கூடையோடு, பளிச்சென்ற சேலையுடுத்து, புன்னகை புரியும் தமிழ்ப் பெண் தோன்றினாள். இடையில் யாருமில்லை, தோட்டத்திலிருந்து நேரே உங்கள் கோப்பைக்கு வருகிறது என்பது அப்படத்தின் செய்தி. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துண்டும் பெரட்டும் இடையிலே மறைந்து போயின. முந்தைய விகட ஏடுகள் தொழிலாளியைக் கோமாளியாக்கின. இந்தப் படம் அவளை அழகியாக்கியது. எனக்கு இரண்டாவதுதான் அதிகக் கொடுமையாகப் படுகிறது. கோமாளியாக்கப்பட்டவன் ஒருநாள் கோபங் கொள்ளலாம். புன்னகையோடு சட்டமிடப்பட்டவளுக்கு அதற்கும் இடமில்லை.

கேலிச்சித்திரம் என்றும் ஆள்வோரின் கையிலேயே இருந்துவிட்டது என்று எண்ணுதல் தவறு. 1877இல் இலக்னோவில் ‘அவத் பஞ்ச்’ என்ற உருது ஏடு தோன்றி, ‘பஞ்ச்’ என்ற அந்தப் பெயரையே வைத்துக் கொண்டு ஆங்கில ஆட்சியைக் குத்திக் காட்டியது. பம்பாயிலே ‘பார்சி பஞ்ச்’, பின்னர் ‘இந்தி பஞ்ச்’ என்ற பெயர்களில் வந்த ஏடு அந்நகரத்து அரசியலைப் படமாக்கியது. இந்தியாவின் செல்வம் ஆண்டுதோறும் வடிந்து போகிறது என்று தாதாபாய் நவுரோஜி கணக்குக் காட்டிய காலமும் அதுவே. நம் மொழியிலே, 1906இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார ஏட்டில் பாரதி கருத்துப்படங்களுக்கு முகப்பிலேயே இடங்கொடுத்தார். அதே ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் விடக் கம்பனி அமைத்தார். இதுவும் பொருளாதார நம்பிக்கைதான். ஆனால் இதிலே நம்பிக்கை வைத்தவன் தன் தலையையே பணயமாக வைத்தான், செக்கிழுத்தான். பிறர் உழைப்பைப் பணயம் வைத்த நம்பிக்கையை இதனோடு ஒன்றாகத் தராசிலிட முடியாது.

மலையகத்திலே அப்படியொரு ஏடு தோன்ற இன்னும் நாட்சென்றது. 1920களில் கோ. நடேசய்யர் ‘தேசபக்தன்’ ஏட்டை நடத்தித் தோட்டத் தொழிலாளரின் வழக்கை எடுத்துரைத்தபோதுதான், முனியாண்டி அச்சில் பிறர் சூட்டிய பெயராக அல்லாமல் தன் வழக்கோடு வந்தான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவனை மறுபடியும் பெயரற்றவனாக்கியது என்பது வேறு கதை.

மொனராகலையின் மலைச்சரிவுகளிலே இருபதாம் நூற்றாண்டில் இறப்பர் ஏறியது. மோட்டார் வண்டியின் வரவால் 1910இல் லண்டனில் இறப்பர்ப் பங்குகளுக்கு எழுந்த வெறி, 1845இன் வெறியை அப்படியே ஒத்திருந்தது. பின்பு விலை விழுந்ததும், ஆட்களைக் குறைத்ததும் அப்படியே நடந்தன. மேலே தேயிலை, கீழே இறப்பர், அதற்கும் கீழே வெல்லஸ்ஸவின் வயல் என்று அடுக்கடுக்காக இருக்கும் அந்த மாவட்டத்திலே, 1959இல் அது பதுளையிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமானபின்பும், லயம் லயமாகவே இருந்தது.

தலையிற் கூடையோடு புன்னகை புரியும் அந்தப் பெண் இன்றும் தேயிலைப் பெட்டிகளின் மேல் இருக்கிறாள். 2024 மே மாதத்தில் தோட்டத் தொழிலாளியின் நாட் சம்பளம் 1,700 ரூபா என வர்த்தமானி வெளிவந்தது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது.